புதுப்பிப்பு: விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை பலிக்கவில்லை என்று எழுதியிருந்தேன்

பத்தாண்டுகளாக நீரிழிவு உள்ள எனக்குச் சில்டெனாஃபில் (வயாகரா) 50 மி.கி. பலனளிக்கவில்லை என்றும், அடுத்தது ஆண்குறியில் போடும் ஊசியா, உள்ளே கருவி பொருத்தும் உள்வைப்பு அறுவை சிகிச்சையா என்றும் மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். சிறுநீரியல் மருத்துவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மாத்திரையை எப்போது விழுங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட கையோடு என்றேன், சிரித்துவிட்டார். கொழுப்பு மிகுந்த உணவு அம்மருந்து இரத்தத்தில் கலப்பதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதப்படுத்தும் என்பதையும், பாலியல் தூண்டல் இல்லாமல் அது வேலை செய்யாது என்பதையும் அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. (மருந்துக் கடையில் தாளில் சுற்றிக் கொடுத்ததோடு சரி.)

ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால் அடைப்பு முதலில் இங்கேதான் தெரியக்கூடும் என்று விளக்கி, இதயப் பரிசோதனைக்கும் அனுப்பினார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்களுக்கு இவ்வகை மாத்திரைகள் கூடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். நான் எடுக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே தினமும் அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில் 5 மி.கி. எழுதித் தந்தார்.

காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் அளவு இயல்பாகவே இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.2 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, விறைப்பு முழுமையாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. இந்த மாத்திரையின் பலன் குறைந்தால், காற்றை உறிஞ்சி ஆண்குறிக்குள் இரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் கருவி, பிறகு ஊசி. திரும்பப் பெற முடியாத மாற்றம் என்பதால் உள்வைப்பைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.