உதவி தேவை: நான் செய்த நிழற்குடை பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கிறது

மண்வாசல் (இரவு 9.40)
வணக்கம். பேருந்துப் பயணிகளுக்கான நிழற்குடை ஒன்றை நானே வடிவமைத்து ஒரு கணினி விளையாட்டுக்குள் சேர்த்திருக்கிறேன். முப்பரிமாண வடிவங்களைச் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் தரைமட்டத்தில் சரியாக நிற்கும் அது, விளையாட்டில் பாதி உயரம் மண்ணுக்குள் போய்விடுகிறது. உயரத்தைக் கூட்டினால் வேறு சிக்கல் வருகிறது. மூன்று இரவுகளாக இதே வேலையாக இருக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து விரைவில் சொல்லுங்கள்.

கோபுரநிழல் (இரவு 9.58)
எந்த விளையாட்டு என்று நீங்கள் சொல்லவே இல்லையே, நண்பரே. எந்தப் பதிப்பு, எந்தக் கருவியால் ஏற்றுமதி செய்தீர்கள், விளையாட்டின் கோப்பில் பொருளை எந்த வரியால் நிறுத்தினீர்கள் என்பவற்றையும் எழுதுங்கள். "வேறு சிக்கல்" என்றால் என்ன என்பதையும் விளக்கினால்தான் எங்களால் யோசிக்க முடியும்.

பழையகணக்கு (இரவு 10.15)
தம்பி, இது தொடக்கநிலைக் கேள்வி. இங்கே பலமுறை விடை எழுதியாகிவிட்டது. கதாபாத்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தி, திரையில் தெரியும் ஆயத்தொலைவை அப்படியே எடுத்து எழுதியிருப்பீர்கள். அந்த எண் பாதத்தைக் குறிப்பதன்று. உடலின் நடுப்பகுதியைக் குறிப்பது. தரை அதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இருக்கிறது. இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு பிறகு பொருள்களைச் சேர்க்க வாருங்கள்.

நீலக்கல் (இரவு 10.22)
ஐயா, அந்தத் தவறு நேர்ந்திருந்தால் நிழற்குடை ஒரு மீட்டர் மேலே மிதக்க வேண்டும். இவருடையதோ புதைகிறது. கொலிஷன் கோப்பில் (பொருள் எங்கே திடமாகத் தடுக்கும் என்பதைச் சொல்வது) உள்ள பெயரும், கண்ணுக்குத் தெரியும் வடிவமான மாடலின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள், மண்வாசல். எனக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அதனால்தான் வந்தன.

மண்வாசல் (இரவு 11.05)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். விளையாட்டு ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2005இல் வந்த கணினிப் பதிப்பு, 2021இல் வந்த புதிய பதிப்பு இல்லை. பிளெண்டரிலிருந்து டிராகன்எஃப்எஃப் என்ற செருகுநிரல் கொண்டு ஏற்றுமதி செய்தேன். இடம் விளையாட்டில் உள்ள குரோவ் தெரு. பொருளை வரைபடத்தில் நிறுத்தும் ஐபிஎல் கோப்பின் வரி இது (12.4 உயரம், 90 திருப்பம்): 18700, நிழற்குடை01, 0, 2480, -1668, 12.4, 0, 0, 90, 1, -1. பொருளின் விவரங்கள் உள்ள ஐடிஇ கோப்பில் பார்வைத் தூரத்தை (பொருள் எவ்வளவு தொலைவு வரை தெரியும் என்பதை) 150 என்று கொடுத்திருக்கிறேன்.
கூரையின் மேல் குதித்தால், கண்ணுக்குத் தெரியும் கூரைக்கு ஒன்றரை மீட்டர் மேலே, காற்றில் நிற்கிறேன். 12.4 என்பதை 13.9 ஆக்கினால் மாடல் சரியாக நிற்கிறது. ஆனால் தூண்களின் அடிப்பகுதி வழியாக நடந்து போக முடிகிறது, உட்காரும் பலகை மேல் ஏற முடியவில்லை. சாலையைப் பார்த்து 90 பாகை திரும்பவும் இல்லை.

நீலக்கல் (இரவு 11.20)
அப்படியென்றால் பெயர் சரியாகவே இருக்கிறது. பெயர் பொருந்தாவிட்டால் உங்களால் எதன் மேலும் நிற்க முடிந்திருக்காது. என் ஊகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

பழையகணக்கு (இரவு 11.31)
பார்வைத் தூரத்தையும் கவனியுங்கள். அது 300ஐத் தாண்டினால் பொருள் கொலிஷனை இழந்துவிடும். இதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

கோபுரநிழல் (இரவு 11.44)
நீங்கள் சொல்வது இதே வரிசையில் முன்பு வந்த வைஸ் சிட்டி விளையாட்டுக்குப் பொருந்தும். அங்கே 300க்கு மேற்பட்ட பார்வைத் தூரமுள்ள பொருளைத் தொலைவுக் கட்டடமாக எடுத்துக்கொண்டு, விளையாட்டே அதன் கொலிஷனை நிறுத்திவிடுகிறது. சான் ஆண்ட்ரியாஸில் தொலைவு மாடலை (தொலைவிலிருந்து பார்க்கும்போது காட்டப்படும் எளிய வடிவத்தை) ஐபிஎல் வரியின் கடைசி எண்தான் இணைக்கிறது. -1 என்றால் இணைப்பு எதுவும் இல்லை.

பழையகணக்கு (இரவு 11.52)
299இல் நிறுத்துவதால் எந்த விளையாட்டிலும் தீங்கு வரப்போவதில்லை. புதியவர்கள் பாதுகாப்பான எண்ணைப் பழகிக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கோபுரநிழல் (நள்ளிரவு 12.03)
தீங்கில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் இரண்டு விளையாட்டுகளின் விதிகளையும் கலந்து சொன்னால், புதியவர் தவறான இடத்தில் தேடி இரவுகளை வீணாக்குவார். இவர் கொடுத்திருப்பதோ வெறும் 150.

ஏழாம்படி (நள்ளிரவு 12.26)
மண்வாசல், "காற்றில் நிற்கிறேன்" என்ற உங்கள் வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது. கொலிஷன் சரியான உயரத்தில் நிற்கிறது. மாடல் மட்டும் இறங்கியிருக்கிறது. நிழற்குடையை அதன் நடுப்புள்ளியைச் சுற்றி வரைந்து, பிறகு பிளெண்டரின் ஆப்ஜெக்ட் நிலையில் (முழுப் பொருளாக) ஒன்றரை மீட்டர் மேலே நகர்த்தித் தரையில் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நகர்வு முனைப்புள்ளிகளில் பதிவாகாமல், மாடலைச் சேமிக்கும் டிஎஃப்எஃப் கோப்பில் உள்ள ஃபிரேம் என்ற தனிப் பகுதியில் பதிவாகிறது. வரைபடத்தில் அசையாமல் நிற்கும் பொருளை ஏற்றும்போது சான் ஆண்ட்ரியாஸ் அந்த ஃபிரேமை நீக்கிவிட்டு, நகர்வோ திருப்பமோ இல்லாத புதிய ஒன்றைப் பொருத்துகிறது. அதனால் உங்கள் ஒன்றரை மீட்டர் தொலைந்து, நடுப்புள்ளி தரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கொலிஷன் வலையை நீங்கள் தனியாகச் செய்து, அதற்கு மட்டும் அப்ளை (நகர்வை முனைப்புள்ளிகளிலேயே பதிக்கும் கட்டளை) கொடுத்திருக்கலாம். அதனால்தான் அது தப்பியது.
மாடலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஏ அழுத்தி, வரும் அப்ளை பட்டியலில் ஆல் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் கொடுங்கள். இடம், சுழற்சி இரண்டும் 0, அளவு 1 என்று காட்ட வேண்டும். ஆரிஜின் என்ற பொருளின் ஆதாரப்புள்ளி அடித்தளத்துக்கு வந்திருக்கும். மறுபடி ஏற்றுமதி செய்து, ஐபிஎல்லில் 12.4 என்றே விடுங்கள்.
திருப்பம் வேறு விஷயம். ஐபிஎல் வரியில் உயரத்துக்குப் பின் வரும் நான்கு எண்களும் பாகைகள் அல்ல, குவாட்டர்னியன் (திருப்பத்தை நான்கு எண்களால் குறிக்கும் முறை). நான்காவது எண் 1 என்றால், முன்னால் 90 எழுதினாலும் திருப்பமே இல்லை என்று பொருள். செங்குத்து அச்சில் 90 பாகை திருப்ப 0, 0, 0.7071, 0.7071 என்று எழுதுங்கள். ஐபிஎல்லில் திசை தலைகீழாக எடுத்துக்கொள்ளப்படுவதால், நிழற்குடை முதுகைக் காட்டினால் மூன்றாவது எண்ணுக்கு முன் கழித்தல் குறி இடுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாதம் ஆயிற்று. அந்தச் சோர்வு உங்களுக்கும் வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழையகணக்கு (நள்ளிரவு 12.41)
ஃபிரேம் பற்றி ஏழாம்படி சொன்னது சரி. அந்த வரியைப் பார்த்தவுடன் குவாட்டர்னியன் பிழையையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

மண்வாசல் (மறுநாள் மாலை 6.10)
அப்ளை கொடுக்காததுதான் காரணம். இப்போது தரையில் நிற்கிறது. கழித்தல் குறியும் தேவைப்பட்டது. அனைவருக்கும் நன்றி.

ஏழாம்படி (மாலை 6.34)
மகிழ்ச்சி. பலகை மேல் ஏறி நிற்க முடிகிறதா என்று சொல்லவில்லையே? மாடலும் கொலிஷனும் இப்போது ஒன்றாகத் திரும்புகின்றனவா என்பதை அது காட்டிவிடும்.

நீலக்கல் (மூன்று நாள் கழித்து)
மண்வாசல், என்னுடைய மரப்பாலத்திலும் இதே அறிகுறி தெரிகிறது. உங்கள் பலகை என்ன ஆயிற்று என்று முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.