புதுப்பிப்பு: புறங்காலில் இறுக்கிய காலுறை இப்போது பொருந்துகிறது

விரல் நுனியிலிருந்து தொடங்கி, குறுவரிசைக் குதிகால் (வரிசையை முழுதாக முடிக்காமல் இடையிலேயே திருப்பித் திருப்பிப் பின்னும் குதிகால்) வைத்துப் பின்னிய காலுறை புறங்காலில் இறுக்கி, குதிகாலில் கீழே இழுக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் பெரிய ஊசியை முயன்றேன். இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. பாதமோ தொளதொளவென்று ஆகிவிட்டது. பிரித்தேன்.

அடுத்து, அளந்து பார்க்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்டேன். பாதத்தின் சுற்றளவு 22 செ.மீ. பின்னல் நீண்டு கொடுக்கும் என்பதால் அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறக்குறைய 20. என் பின்னலில் 10 செ.மீ.க்கு 32 கண்ணிகள் (ஊசியில் நிற்கும் வளையங்கள்), ஆக 20 செ.மீ.க்கு 64. நான் பின்னியிருந்ததும் அதே 64தான்! எண்ணிக்கையில் பிழையே இல்லை. ஆனால் குதிகாலையும் புறங்கால் மேட்டையும் சேர்த்துச் சாய்வாக அளந்தால் 31 செ.மீ. வந்தது. குறுவரிசைக் குதிகாலில் அந்த மேட்டுக்குக் கூடுதல் இடம் கிடைப்பதில்லை.

தீர்வு, குதிகால் பட்டையும் (குதிகாலின் பின்புறத்தை மூடும் துண்டு) பக்கவாட்டு முக்கோணமும் (பட்டையின் ஓரங்களில் கண்ணி எடுத்துப் பின்னுவது) வைக்கச் சொன்ன யோசனைதான். மேலிருந்து கீழாகப் பின்னினேன். பட்டைக்கு 32 கண்ணிகள். வழக்கமான 32 வரிசைகளுக்குப் பதில் 36. இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி என்பதால் ஓரத்தில் பக்கத்துக்கு 16க்குப் பதில் 18 கண்ணிகள் எடுக்க முடிந்தது, மேட்டுக்கு இடம் கிடைத்தது. பாதத்தின் நீளத்தை மட்டும் 1 செ.மீ. குறைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: காலுறையின் மேல்வாயான தொடக்க விளிம்பு இறுகி, குதிகாலைத் தாண்டவே மறுத்தது. முழுக் காலுறையையும் முடித்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன், என் புத்தி அப்படி. இரண்டாவது முறை இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணி ஏற்றினேன், வழுக்கிக்கொண்டு ஏறியது.