வேர்க்குழாய்க்குள் ஆன்டிபயாடிக் ஜெல்: வைத்தவர்கள், வைத்துக்கொண்டவர்கள் எழுதுங்கள்

பல் மருத்துவர்:
கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்ட பிள்ளைகள் என்னிடம் நிறைய வருவார்கள். பல் முளைத்த பிறகும் வேர் முழுதாக வளர ஏறக்குறைய 3 வருடம் ஆகும். அதற்குள் பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள திசு) செத்துவிட்டால் வேர் நுனி திறந்தே கிடக்கும், சுவரும் மெலிந்திருக்கும். ஃபைல் (குழாயைச் சுரண்டும் மெல்லிய கருவி) போட்டு அதிகம் சுரண்ட முடியாது. சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, உள்ளே மருந்து வைத்துத்தான் கிருமியைக் கொல்ல வேண்டும்.

முன்பு மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், மினோசைக்ளின் என்ற மூன்று ஆன்டிபயாடிக்குகளையும் பொடித்துக் குழைத்து வைப்பேன். கிருமி சாகும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேஸ்ட்டில் ஒரு மில்லிக்கு 1000 மில்லிகிராம் அளவுக்கு மருந்து இருக்கும். வேர் நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்களும் அதில் அழிந்துவிடும். வேரை மறுபடி வளர்த்தெடுக்க நாம் நம்பியிருப்பதே அந்தச் செல்களைத்தான்! மில்லிக்கு 1 மில்லிகிராம் என்றால் அவை பிழைத்துக்கொள்கின்றன என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு நீர்த்த மருந்தை வெறும் தண்ணீரில் கரைத்து வைத்தால் குழாய்க்குள் தங்காது. மெத்தில்செல்லுலோஸ் ஜெல்லில் கலந்தால் தங்குகிறது, மெதுவாகக் கசிகிறது. மெல்லிய ஊசி வழியாக நுனிவரை போகிறது; அடுத்த முறை கழுவினால் பேஸ்ட்டைவிட எளிதாக வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் மட்டும் தெரியாது. பேரியம் சல்ஃபேட் சேர்த்தால்தான் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

ஒரு தாய்:
டாக்டர், என் மகனுக்கு வேறு இடத்தில் பேஸ்ட் வைத்தார்கள். வீக்கம் வடிந்தது, பல் சாம்பல் நிறமாகிவிட்டது. பள்ளியில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறான். மாத்திரையே கொடுத்திருக்கக் கூடாதா?

பல் மருத்துவர்:
மாத்திரை ரத்தத்தோடு போகும் அம்மா. செத்த கூழில் ரத்த ஓட்டமே இல்லை, குழாய்க்குள் அது போய்ச் சேராது. நிறம் மாறியது பெரும்பாலும் மினோசைக்ளினால்தான். அது பல்லின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது பலர் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைக்கிறோம். பல்லின் உட்புறம் வைத்து வெளுக்கும் முறை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பிள்ளை சிரிக்கத் தயங்குவதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள்.

முதுகலை மாணவி:
சார், நான் பிடுங்கிய பற்களில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் வளர்த்து ஜெல்லைச் சோதிக்கிறேன். வேர்க்குழாய்க்குள் வைக்கும் இன்னொரு மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையே தாங்கி நிற்கும் கிருமி அது. ஆய்வகத் தட்டில் வளர்த்து மருந்து போட்டால் சுலபமாகச் சாகிறது. டென்டினின் (குழாயைச் சுற்றியுள்ள பல்சுவரின்) நுண்குழாய்களுக்குள் படலமாகப் படிந்துவிட்டால் கதை வேறு. மருந்தளவைக் குறைக்கக் குறைக்க, எஞ்சியது எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. அதனால் புதிய ஜெல் வரும்போது கொல்லும் வேகத்தைவிட, எத்தனை நாள் போதிய அளவில் மருந்தை விடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். உங்கள் ஜெல்லை எத்தனை வாரம் உள்ளே விடுகிறீர்கள் சார்?