விபத்து, மரணம், காப்பீடு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கணக்கன்:
எங்கள் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர், விடுமுறை நாளில் மின்விசிறியைத் துடைக்க முக்காலியின் மேல் ஏறி, தடுமாறி விழுந்தார். பின்மண்டை சுவரில் இடித்தது. ரத்தம் வராததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வேலைக்கும் வந்தார். தலை கனக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. வந்து பார்த்த மருத்துவர், இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரேதப் பரிசோதனை என்று ஒருவர் பேச்செடுத்தபோது, 'என் பிள்ளையை அறுக்க விடமாட்டேன்' என்று அவருடைய தாயார் கதறியதால், அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

அவர் பெயரில் விபத்துக் காப்பீடு இருந்தது. படிவம் நிரப்ப உதவச் சென்றிருந்தேன். 'மரணத்துக்கான காரணம்' என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி, 'இங்கே கீழே விழுந்தார் என்று எழுதலாமா அண்ணா?' என்று அவர் மனைவி கேட்டார். எழுதினோம். ஆனால் மருத்துவர் தந்த சான்றிதழில் விழுந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், இது இயற்கை மரணம் என்று கூறி கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். இதயம் நிற்காமல் யார்தான் இறக்கிறார்கள்? அது ஏன் நின்றது என்பதை அல்லவா சான்றிதழ் சொல்லியிருக்க வேண்டும்?

பட்டறைக்காரர்:
கணக்கன் ஐயா, அந்தச் சகோதரியை அப்படியே விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுநாள் அலுவலகத்தில் தலை கனக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டவர்களும், விழுந்ததை வீட்டில் பார்த்தவர்களும் எழுத்து மூலம் வாக்குமூலம் தந்தால், மறுபரிசீலனை கேட்க ஓரளவு வழி இருக்கிறது.

என்னுடைய அனுபவம் வேறு. எங்கள் பட்டறையில் பிரஸ் இயந்திரத்தில் ஓர் இளைஞனின் வலது கை சிக்கி நான்கு விரல்கள் போயின. பிழைத்துக்கொண்டான். ஆனால் காப்பீட்டுத் தொகையை வாங்க வங்கிக்குப் போனபோது, இடது கையால் அவன் இட்ட கையெழுத்தையும் பழைய கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இது நீங்கள்தானா?' என்று கேட்டார்கள். அவன் வாய் திறக்காமல் கட்டுப்போட்ட கையை மேசைமேல் எடுத்து வைத்தான். விபத்துக் காப்பீடு என்றால் இறந்த பிறகு வரும் பணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். இரண்டு கண்களோ இரண்டு கைகளோ போனால் முழுத் தொகை, ஓர் உறுப்பு போனால் அதில் ஒரு பங்கு, விரல்களுக்கு அதைவிடக் குறைவு என்று பெரும்பாலான பாலிசிகளில் ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை வாங்கும்போதே படித்துவிடுங்கள். உயிரோடு இருந்தும் உழைக்க முடியாமல் கிடப்பவனுக்குச் செலவு அதிகம்.

நடுவழி:
இருவரும் எழுதியதைப் படித்தேன். கணக்கன் சொல்லும் நிறுவனத்தைக் குறை கூறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. திடீரென, எதிர்பாராமல், வெளியிலிருந்து வந்த காரணத்தால் நேர்ந்தது என்று காட்டும் ஆவணம் இல்லாமல் எந்த விபத்துப் பாலிசியும் பணம் தராது. என் தாய்மாமா கார் ஓட்டிச் சென்றபோது வண்டி மரத்தில் மோதி இறந்தார். இதயம் நின்றதால் கார் மோதியதா, மோதியதால் இதயம் நின்றதா என்பதே கேள்வியாயிற்று. பிரேதப் பரிசோதனையில் மாரடைப்பு முந்தியது என்று தெரியவந்ததால் விபத்துக் காப்பீட்டில் ஒன்றும் வரவில்லை. அவர் தனியாக எடுத்திருந்த ஆயுள் காப்பீடுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது.

அதனால்தான் சொல்கிறேன்: முதலில், நோயோ விபத்தோ எதனால் இறந்தாலும் பணம் தரும் டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் ஆயுள் காப்பீடு), அதன் பிறகுதான் விபத்துப் பாலிசி. பிரீமியம் மிகக் குறைவு என்பதற்காக விபத்துப் பாலிசியை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. பிரீமியம் குறைவாக இருப்பதற்குக் காரணமே, மரணங்களில் பெரும்பகுதி அதற்குள் வராது என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இதய, ரத்தநாள நோய்களால் மட்டும் 2019இல் உலகெங்கும் 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்தார்கள். சாலை விபத்துகளில் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். கீழே விழுந்து இறப்பவர்கள் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். தொகையை முடிவு செய்யும்போது, கையில் இருக்கும் கடன் முழுவதும் அடைந்து, பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும்வரை வீட்டுச் செலவும் ஓட வேண்டும் என்று கணக்கிடுங்கள். விண்ணப்பத்தில் நோய், புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். குடித்திருந்தால் பணம் இல்லை, உரிமம் இல்லாமல் ஓட்டினால் இல்லை, சாகச விளையாட்டுக்கு இல்லை என்பன போன்ற விலக்குகள் இருக்கும் பக்கத்தை, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறையாவது படியுங்கள்.

நீலவானம்:
நடுவழி ஐயா, உங்கள் கணக்கு எல்லா வயதினரையும் சேர்த்தது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால், மரணத்துக்கு முதல் காரணமே சாலை விபத்து என்று நீங்கள் சொல்லும் அதே உலக சுகாதார நிறுவனம்தான் சொல்கிறது. இருபது வயதுப் பிள்ளைக்கு விபத்துக் காப்பீடு இரண்டாம்பட்சம் என்று சொல்லிவிடாதீர்கள்.

என் தம்பி அந்த வயதில்தான் போனான். தலைக்கவசம் அணிந்திருந்தான், ஆனால் தாடைப் பட்டியை மாட்டவில்லை. மோதிய வேகத்தில் அது தலையை விட்டுக் கழன்று, சாலையின் மறு ஓரம் வரை உருண்டு போய், ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. அந்தத் தலைக்கவசத்தைக் காவலர் என் கையில் கொடுத்த நிமிடத்தை என்னால் கடக்க முடியவில்லை. வேலை செய்த இடத்தில் ஊழியர்கள் எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தார்கள் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பல மாதம் கழித்து, அவனுடைய மேசையைக் காலி செய்த நண்பன் ஒரு கடிதத்தைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். தெரிவிக்க வேண்டிய கெடு அதற்குள் முடிந்திருந்தது; தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுத்த பின்புதான் பணம் வந்தது. அப்பா அதை வைத்து, தம்பி பெயரில் இருந்த கல்விக் கடனை அடைத்தார். பாலிசி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

கரையோரம்:
நீலவானம் அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் தோழியின் கணவர் ஆற்றில் குளிக்கும்போது சுழலில் சிக்கி இறந்தார். பிரேதப் பரிசோதனை, காவல்துறை அறிக்கை எல்லாம் முறையாக இருந்தன. விபத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாலிசியைத் திறந்து பார்த்தால், நாமினி என்ற இடத்தில் அவருடைய அம்மாவின் பெயர். திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசி அது. அந்த அம்மா இறந்தே வெகுகாலம் ஆகிவிட்டது. 'பெயரில் இருப்பவரை வரச் சொல்லுங்கள்' என்று முகப்பில் இருந்த பெண் ஒன்றும் அறியாமல் சொல்ல, தோழி கைக்குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெயரை மாற்ற கணவர் உயிரோடு இருந்தபோதே ஒரு பக்கப் படிவம் கொடுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். இப்போது வாரிசு என்று நிரூபிக்க நீதிமன்றத்துக்கு நடக்கிறாள். கணவரின் அண்ணன்மாரும் பங்கு கேட்டு மனுப் போட்டிருப்பதால், பணம் இன்னும் நிறுவனத்திடமே இருக்கிறது.