முதல் செல்லுக்கு எவ்வளவு உயரம்? பட்டுத் தெரிந்துகொண்டவை

மெஷ்பித்தன்:
காற்றோ தண்ணீரோ ஓடுவதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட, அந்த இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்ட வேண்டும், அதுதான் மெஷ். சுவரை ஒட்டிய முதல் செல்லுக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் இங்கே பேச்சு. முதுகலை ப்ராஜெக்ட்டில் என் தலையில் விழுந்தது அகமது பாடி. 1984-இல் வெளிவந்த மாதிரி. காரைச் செங்கல்லாகச் செதுக்கியது போல இருக்கும். நீளம் 1.044 மீட்டர், முன்பக்கம் வளைவு, பின்பக்கம் சரிவு, அடியில் 30 மி.மீ. விட்டத்தில் நாலு கால்கள். காற்றின் வேகம் விநாடிக்கு 40 மீட்டர்.

காற்றின் கொந்தளிப்புக்கு (டர்புலன்ஸ்) கே-ஒமேகா எஸ்எஸ்டி மாடல், அதனால் சுவரை ஒட்டி ஒய் பிளஸ் 1 வேண்டும். ஒய் பிளஸ் என்பது சுவரிலிருந்து உள்ள தூரத்தை, சுவர் உராய்வையும் காற்றின் பிசுபிசுப்பையும் வைத்து அலகில்லாத எண்ணாக மாற்றியது. தட்டையான பலகைக்கான சூத்திரம் கையில் இருந்தது: 0.058-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் (வேகத்தை நீளத்தால் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பால் வகுத்தது) 0.2 அடுக்கால் வகுத்தால் உராய்வுக் குணகம். அதிலிருந்து சுவருக்கும் முதல் செல்லுக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். ஆனால் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு எந்த நீளம்? முழு வண்டியா, காலின் விட்டமா? நானும் அறைத்தோழனும் ரெண்டு நாள் இதற்கே சண்டை போட்டோம். கடைசியில் இரண்டையும் போட்டுப் பார்த்தால், 1.044 மீட்டருக்கு 0.0097 மி.மீ., காலுக்கு 0.0068 மி.மீ. நீளம் 35 மடங்கு குறைந்தும் விடை முப்பது சதவீதம்தான் இறங்கியிருக்கிறது! ரெண்டு நாள் போனதுதான் மிச்சம்.

வேகம் அப்படியில்லை. அது இரண்டு மடங்கானால் இடைவெளி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். முன் வளைவைச் சுற்றும்போது காற்று 40-ஐத் தாண்டி ஓடுகிறது. சிக்கலான வடிவத்தில் கவனிக்க வேண்டியது அந்த இடங்களைத்தான். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

இன்னொரு கூத்து. 0.0097 என்பது சுவரிலிருந்து செல்லின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். நான் அதைச் செல்லின் முழு உயரமாகக் கொடுத்துவிட்டேன். செல் மையத்தில் கணக்கிடும் சால்வருக்கு (கணக்குப் போடும் மென்பொருள்) அதைப்போல இரண்டு மடங்கு போதும். பிழை பாதுகாப்பான பக்கம் விழுந்ததால் விடை கெடவில்லை. சுவரை ஒட்டி அடுக்கும் செல் வரிசைகள் (லேயர்) ஒவ்வொன்றும் முந்தையதைப்போல 1.2 மடங்கு தடிமன் என்பதால் நாலு லேயர் மட்டும் வீண்.

அப்புறம் கம்ப்யூட்டர் தாங்காமல் வால் ஃபங்ஷனுக்கு (சுவரோரத்தை நுணுக்கிக் கணக்கிடாமல் சூத்திரத்தால் நிரப்பும் முறை) மாறி ஒய் பிளஸ் 50 குறிவைத்தேன். முன் வளைவில் அதற்கு மேலே போனது, பரவாயில்லை. பின்பக்கம் காற்று பிரியும் இடத்தில் சுவர் உராய்வே செத்துப்போய், ஒய் பிளஸ் 5-க்கும் 30-க்கும் நடுவில் யாருக்கும் ஆகாத பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது. இப்போதெல்லாம் முரட்டு மெஷ்ஷில் ஒரு ரன் விட்டு, ஒய் பிளஸ் படத்தைப் பார்த்த பிறகுதான் லேயரைத் திருத்துகிறேன்.

ராத்திரிரன்:
எனக்கு வினை கணக்கில் இல்லை, அமைப்பில். ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் என்ற மெஷ் போடும் மென்பொருளில் லேயர் தடிமனை நேரடி நீளமாகக் கொடுப்பதாக நினைத்து, ரிலேட்டிவ்சைஸஸ் ட்ரூ என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அப்படி இருந்தால் தடிமன் பக்கத்துச் செல் அளவின் பங்காகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். காரின் பக்கக் கண்ணாடி ஓரத்தில் செல்களை நுணுக்கிய இடத்தில் ஒரு தடிமன், கூரையில் வேறொன்று. போதாததற்குக் கூர்மையான மூலையில் லேயரே காணோம். லாக் ஃபைலின் கடைசியில் எத்தனை சதவீதம் லேயர் ஏறியது என்று வரும். அதைப் படிக்காமல் தூங்கப் போனது என் தப்பு.

பம்ப்காரன்:
நான் இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) பார்க்கிறவன். பழைய கணக்குத்தாளை எடுத்து வேகத்தை மட்டும் மாற்றினேன். கைனமேட்டிக் விஸ்காசிட்டி (பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்தது) காற்றுடையதாகவே கிடந்தது. தண்ணீருக்கு அது பதினைந்தில் ஒரு பங்கு. ஒய் பிளஸ் 1 கேட்டேன், 11 வந்தது. மூன்று நாள் டர்புலன்ஸ் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.