வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, புதுசா வாற ஆளைப் பழைய வேளாண்மைக்காரர் ஏன் தள்ளி வைக்கிறாங்க?

உன்னிச்சை_3ஏக்கர்

வணக்கம். மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே 3 ஏக்கர் வயல். வருகிற பெரும்போகம் (மாரிமழைச் செய்கை) முதல் குத்தகைக்குக் கொடுக்காமல் சொந்தமாகச் செய்கிற நோக்கம். தொழில் வேறு, சனி ஞாயிறுதான் முழுநாளும் வயலில் நிற்க முடியும். பக்கத்து வயற்காரர்கள் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எப்ப விதைப்பு, என்ன இனம் என்று கேட்டால் "முல்லைக்காரரிட்டக் கேளுங்க" என்று வயல் வேலையைப் பொறுப்பாகப் பார்க்கிறவரிடம் தள்ளிவிடுவதோடு பேச்சு முடிகிறது. பொது வரம்பை என் செலவிலேயே கட்டித் தருகிறேன் என்றதற்கும் முகம் மலரவில்லை.

புதியவர்மேல் அவர்களுக்கு உண்மையில் என்ன சங்கடம்? முதல் போகத்தில் எதைச் சரியாகச் செய்தால் அது குறையும்? ஒரு ஏக்கரில் இரசாயனப் பசளை இல்லாமல் பாரம்பரிய நெல் போடலாம் என்றும் எண்ணம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வட்டைவரம்பு

தம்பி, அது வெறுப்பில்ல, பயம். வீட்டுத்தோட்டத்தில பிழை விட்டா நம்மட கத்தரிக்கண்டு மட்டும்தான் சாகும். வட்டைக்குள்ள உங்கட வரவையில (வரம்பு கட்டின வயல் துண்டில) நடக்கிற பிழை வக்கடையால (வரம்பில தண்ணி விடுற வாயால) இறங்கி அடுத்தவன்ட வரவைக்குப் போகும். ரெண்டு போகம் செய்துபோட்டு நட்டம் எண்டு விட்டுட்டுப் போற ஆள் போயிருவார், அவர் விட்ட புல்லும் எலியும் அங்கேயே இருக்கும். அதனாலதான் முதல் போகம் முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நிப்பாங்க.

முதல்ல திகதி. போகம் தொடங்க முதல் நடக்கிற ஆரம்பக் கூட்டத்தில தண்ணி திறக்கிற நாள், விதைச்சு முடிக்கிற நாள், எத்தனை மாத நெல், மாடு வெளியேத்திற நாள், கடைசித் தண்ணி எல்லாம் தீர்மானமாகும். மீறினா வழக்கு வைக்கவும் ஏலும். நீங்க 10, 12 நாள் பிந்தி விதைச்சா என்னாகும் எண்டு பாருங்க. சுத்திவர எல்லா வயலும் முத்தின நேரம் உங்கடது மட்டும் பால் பிடிச்சு நிக்கும், பால்மணியை உறிஞ்சுற மூட்டுப்பூச்சி வட்டையில இருக்கிறது முழுக்க அதிலதான் விழும். கடைசித் தண்ணி நிப்பாட்டின பிறகு உங்களுக்கு இன்னொரு தண்ணி வேணும். அதுக்கு வாய்க்காலைத் திறந்தா வெட்டுக்குக் காயவிட்டிருக்கிற கீழ் வயல் நனையும். வெட்டுற மெஷின் உள் வரவைக்குப் போகிறதெண்டா முன் வரவை முதல்ல வெட்டுப்பட்டிருக்க வேணும். உங்கட காணி ரோட்டுப்பக்கம் எண்டா உள்ளுக்கு இருக்கிற நாலு பேர்ட நெல் உங்களுக்காகக் காத்து நிக்கும். அந்த இடைக்குள்ள ஒரு மழை பெய்தா அவங்கட நெல் படுத்து முளைச்சிரும். வெட்டு முடிய மாடு வட்டைக்குள்ள இறங்கும். தனிய நிக்கிற வயலை மாடு திண்டா ஒருத்தரிட்டயும் நியாயம் கேட்க ஏலாது. முந்தி விதைச்சாலும் வில்லங்கம்தான். மாடு இன்னும் வெளியேறியிராது, எலிக்கும் குருவிக்கும் உங்கட வயல் ஒண்டுதான் தீன்.

அடுத்தது தண்ணி. நீங்க மேல் வயல்காரர் எண்டா தண்ணி வடிக்க முதல் கீழ் வயல்காரருக்குச் சொல்ல வேணும். அவர் அண்டைக்குத்தான் சேற்று விதைப்பு விதைச்சிருப்பார். உங்கட தண்ணி இறங்கினா முளை எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும், இல்லாட்டி நிண்டு அழுகும். களைநாசினி அடிச்சா 3 நாளைக்கு வக்கடையைத் திறக்காதீங்க. திறந்தா உங்கட புல்லும் சாகாது, கீழ இருக்கிற 5 நாள் பயிரும் மஞ்சளாகும். பசளை எறிஞ்ச வயலுக்கும் இதே விதிதான். தண்ணி குறைவெண்டு ராவில போய் வாய்க்கால் மறிக்கிறது, மற்றவன்ட வக்கடையை வெட்டுறது, இது ரெண்டும் ஒரு தரம் நடந்தா பிறகு பத்து வருசத்துக்கும் அந்தப் பேர் போகாது. தண்ணி காணாட்டி வட்டை விதானைட்ட (வட்டைத் தண்ணிக்குப் பொறுப்பானவரிட்ட) சொல்லுங்க. முறை வைச்சுத் தருவார்.

வரம்பு விசயம் தனியாச் சொல்ல வேணும். கட்டித்தாறேன் எண்டது நல்ல மனம்தான். ஆனா பொது வரம்பில அடுத்த ஆள் கை வைக்கிறதை ஆரும் விரும்பமாட்டாங்க. செதுக்கிற நேரம் மண்வெட்டி போகத்துக்கு ரெண்டு அங்குலம் உள்ளுக்குப் போனா பத்துப் போகத்தில எல்லை ஒன்றரை அடிக்கு மேல நகர்ந்திரும். கூலிக்கு வாற ஆளுக்கு எல்லை தெரியாது, அவர் எல்லாத்தையும் அழகா நேராக்கிப்போட்டுப் போயிருவார். உங்கட பக்கத்தை மட்டும் செதுக்குங்க. உங்கட வரவைச் சேத்தை எடுத்து வைச்சு மெழுகுங்க. நண்டு வளை, எலி வளையை மிதிச்சு அடைங்க. அதைக் கண்டா அவங்கட முகம் தானா மலரும்.

சம்மாந்துறை வயல்

மேலே சொன்னதோடு பன்றி நெல் என்ற களையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்பாறைப் பக்கம் 1990களின் தொடக்கத்திலேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைக்கு ஒரு வயற்காரர் புதியவரைப் பார்த்து நடுங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. நாற்றுப் பருவத்தில் நெல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. நெல்லைக் கொல்லாத களைநாசினி இதையும் கொல்லாது. பிறகு நெல்லைவிட உயர்ந்து, முந்திப் பூத்து, முந்தி முற்றி, வெட்டுக்கு முதலே உதிர்ந்துவிடும். உதிர்ந்தது மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து அடுத்தடுத்த போகங்களில் முளைக்கும்.

இது வயலுக்குள் வருவது இரண்டு வழியால். ஒன்று விதை நெல். மலிவாகக் கிடைக்கிறது என்று யாருடைய வீட்டு மூடையையும் வாங்காதீர்கள். விதை அத்தாட்சிச் சீட்டு தைத்த பையை மட்டும் வாங்கி, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றது வெட்டு மெஷின். பன்றி நெல் உள்ள வட்டையில் வெட்டிய மெஷின் கழுவாமல் வந்தால் அதன் தொட்டி, சல்லடை, வெட்டுப் பல்லுக்குள் இருப்பது முழுவதும் உங்கள் வயலில் கொட்டும். நிலத்தில் இறக்க முன் மூடிகளைத் திறந்து, கூட்டி, வெறுமையாக ஓடவிட்டுப் பிறகு இறக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் பிந்துகிறது என்று சாரதி முறைப்பார், பரவாயில்லை. சுத்தமான வயலை முதலில், தொற்று உள்ள வயலைக் கடைசியில் வெட்டுகிற ஒழுங்கைப் பக்கத்து ஆட்களோடு பேசி வையுங்கள்.

ஏற்கெனவே காணியில் இருந்தால் முதல் உழவை முந்தி அடித்து, ஈரம் கொடுத்து, இரண்டு கிழமை முளைக்கவிட்டு, இரண்டாம் உழவில் புதையுங்கள். தொற்றுக் கூடவென்றால் இன்னொரு முறை. இதற்குத் தண்ணீர் திறக்கும் வரை காத்திராமல் முதல் மழையையே பயன்படுத்த வேண்டும். பூக்கிற நேரம் நெல்லுக்கு மேலே தலை நீட்டுகிற கதிரைக் கையால் வெட்டிப் பையில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரம்பில் போட்டால் அங்கிருந்தே உதிரும்.

அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் வாய்க்கால் வாரியாக விவசாயிகளைக் குழு சேர்த்தபோது, தலைப்பக்கத்தார் மிச்சம் பிடித்த தண்ணீர் கடைப்பக்கத்துக்குப் போனது. அந்தப் பழக்கம் உள்ள வாய்க்கால்களில் புதியவருக்கு இடம் கிடைப்பது எளிது. தண்ணீர் திறக்க முன் நடக்கிற வாய்க்கால் துப்பரவுக்கு உங்கள் பங்கு நீளத்தை வெட்டுங்கள். கூலிக்கு ஆள் விட்டாலும் அன்றைக்கு நீங்களும் நில்லுங்கள்.

மேட்டுநிலம்

பாரம்பரிய நெல் பற்றி. இதில் பழைய ஆட்களின் எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் பட்ட பாட்டை ஒரு கமக்காரரும் மறக்கவில்லை. வயலில் கால் வைக்காதவர்கள் "இயற்கைக்குத் திரும்புங்கள்" என்று படிப்பித்ததையும் மறக்கவில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசாமல் செய்து காட்டுங்கள்.

பிரச்சினை கொள்கையில் இல்லை, நாட்கணக்கில் இருக்கிறது. கூட்டத்தில் 3½ மாத நெல் என்று தீர்மானித்தால், 4 மாதத்துக்கு மேல் எடுக்கிற பாரம்பரிய இனம் கடைசித் தண்ணீருக்குப் பிறகும் பச்சையாக நிற்கும். வயது பொருந்துகிற இனமாகத் தேடுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணத்தை வயலுக்கு வெளியே மேட்டுக்காணியில் மானாவாரியாக முயலுங்கள். உயரமாக வளர்கிற இனத்தை வரம்போரம் போடவும் வேண்டாம், காற்றில் சாய்ந்து அடுத்தவர் பயிரின் மேல் விழும். எருவும் இலைகுழையும் முதல் உழவோடு மண்ணுக்குள் போக வேண்டும். ஒரு ஏக்கரில் தொடங்காமல் அரை ஏக்கரில் தொடங்குங்கள்.

இன்னொன்று: வயல் மூலையை மண் நிரப்பி வாடி (வயல் குடில்) கட்டுவது, தென்னை வைப்பது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை எழுத்து அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது. நிரப்பினால் வெள்ளம் வடிகிற வழியும் அடைபடும். டிசம்பர் மழைக்கு மேல் வயல் முழுதும் முழுகும்.

கடைவாய்க்கால்

எல்லாம் சரி. ஆனால் பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று இந்தத் தம்பி நினைத்துவிடக் கூடாது. திகதி, தண்ணீர், வரம்பு, காவல் இந்த நான்கிலும் அவர்கள் சொல் கேளுங்கள். விதை அளவிலும் பசளையிலும் கேட்காதீர்கள்.

"ஏக்கருக்கு 3 புசல் எறி, அடர்த்தியா வந்தாத்தான் புல் அமுங்கும்" என்பார்கள். நன்றாக மட்டம் பிடித்த சேற்று நிலத்துக்கு 2 புசல், அதாவது சுமார் 40 கிலோ போதும். நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால்தான் 3 புசல் தேவைப்படுகிறது. பள்ளத்தில் அழுகுவதை ஈடுசெய்யக் கூட எறிகிறார்கள். மட்டப் பலகையை இன்னொரு சுற்று அடிப்பது ஒரு புசல் விதையைவிட மலிவு. விதையை உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பதரை அள்ளி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, 24 மணித்தியாலம் ஊறவைத்து, சாக்கில் 36 முதல் 48 மணித்தியாலம் முளைகட்டுங்கள். முளை நீண்டால் எறியும்போது ஒடியும்.

யூரியாவும் அப்படித்தான். கருகருவென்று பச்சை வந்தால் வயல் அழகாக இருக்கும். ஆனால் நெருக்கமான விதைப்பும் கூடுதல் யூரியாவும் சேர்ந்தால் தண்டின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சிக்குக் கூடு கட்டிக் கொடுத்தது மாதிரி. 3½ மாத நெல்லுக்கு யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் 2ஆம் கிழமையிலிருந்து 8ஆம் கிழமைக்குள் நான்கு தடவையாகப் பிரியுங்கள். அளவை விவசாயப் போதனாசிரியரிடம் உங்கள் மண்ணுக்குக் கேளுங்கள். இலை நிறத்தை ஒப்பிட்டு யூரியாத் தேவையை அறிகிற இலை வர்ண அட்டையும் அவரிடம் கிடைக்கும். அறக்கொட்டியானைப் பார்க்க மேலே நின்று பார்த்துப் பயனில்லை. பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பாருங்கள். அங்கே இருந்தால் தண்ணீரை வடித்து அடியைக் காயவிடுவதுதான் முதல் வேலை. இலைக்கு மேலே மருந்து விசிறினால் அதைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகும்.

பழைய ஆள் ஒருவர் உங்களோடு பேசத் தயங்குவதற்கு நீங்கள் நினைக்காத காரணமும் இருக்கலாம். காணியை இதற்கு முன் செய்தவர் யார்? குத்தகைக் கமக்காரராகப் பதிந்திருந்தால் காணி கைமாறினாலும் அவருடைய செய்கை உரிமை தானாகப் போகாது. கமநல சேவை நிலையத்தில் காணிப் பதிவேட்டைப் பாருங்கள். அந்த ஆளோ அவருடைய சொந்தமோ பக்கத்து வயலில் இருந்தால், நீங்கள் கேட்கிற கேள்வி எல்லாம் அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். முதலில் அதைத் தீருங்கள்.

உன்னிச்சை_3ஏக்கர்

பதிவேட்டைப் பார்க்கும் யோசனை எனக்கு வரவே இல்லை. மிக்க நன்றி. கிழமை நாட்களில் நிற்க முடியாத என் நிலைக்கு எந்த நாட்களில் லீவு எடுத்தாவது வர வேண்டும்? யானைக்காவலுக்கு என்ன ஒழுங்கு?

வட்டைவரம்பு

விதைக்கிற நாள், அதுக்குப் பிறகு 10 நாள். இதுக்கு லீவு எடுங்க. இந்தப் பத்து நாளில காலையும் பின்னேரமும் தண்ணி மட்டம் பார்க்க வேணும். மழை பெய்தா உடனே வக்கடை திறக்க ஆள் நிக்க வேணும். பிறகு ஒவ்வொரு பசளைக்கும் ஒரு நாள். பூக்கிற கிழமை ஒரு நாள். வெட்டுக்கு 7 முதல் 10 நாளைக்கு முதல் தண்ணி வடிக்கிற நாள், பிறகு வெட்டு. மிச்சத்தை முல்லைக்காரர் பார்ப்பார். அவருக்குரிய கணக்கை விதைப்புக்கு முதலே பேசி முடிங்க. நெல்லா, காசா, வயல் சாப்பாடு ஆர்ட பொறுப்பு எண்டு ஒவ்வொண்டும். அவருக்கு மேலால போன் அடிச்சுக் கூலியாக்களுக்கு நேரா வேலை சொல்லாதீங்க.

சேத்துக்குள்ள இறங்க முதல் சுகாதாரப் பரிசோதகரிட்ட எலிக்காய்ச்சல் குளிசை கேட்டு வாங்குங்க. பழக்கமில்லாத கால் வெடிச்சுப் புண்ணாகும், அதுக்குள்ளால கிருமி போகும்.

யானைக்காவல் முறைக்குத்தான் நடக்கும். கதிர் பால் பிடிச்ச நாளிலயிருந்து வெட்டு முடியுமட்டும் ஏக்கர் கணக்குக்கு ஆள் விட வேணும். உங்கட முறை வெள்ளி, சனி ராவில விழக்கூடிய மாதிரி வட்டை விதானைட்ட இப்பவே கேட்டு வையுங்க. சனி ராவுக்கு ஆள் பிடிக்கிறது மற்றவங்களுக்குக் கஷ்டம், அதை நீங்க எடுத்தா விரும்பித் தருவாங்க. டோர்ச்சுக்குப் புது பற்றரி, ஆனைவெடி, தேயிலை, சீனி கொண்டு போங்க. மின்சார வேலி போற பக்கம் எண்டா கம்பிக்குக் கீழ வளர்ந்திருக்கிற புல்லை முறைக்கு முதல் நாள் பகல்ல வெட்டிவிடுங்க. புல் கம்பியில முட்டினா கரண்ட் நிலத்துக்கு இறங்கி, அந்தத் துண்டு முழுக்க வேலி செத்துக் கிடக்கும்.

ஆரம்பக் கூட்டத்துக்குக் காணி உறுதியின் (பத்திரத்தின்) பிரதியோட வாங்க. நேரத்துக்கு வந்து முன்னால இருங்க, முதல் கூட்டத்தில ஒண்டும் கதைக்க வேணாம். திகதிகளை மட்டும் கொப்பியில எழுதிக்கொண்டு போங்க.