கோப்பை வென்ற மறு சீசனில் 8-5: மிச்சிகனிடம் நாம் எதிர்பார்த்தது அதிகமா?

ஆன்ஆர்பர்_தமிழன்

கேள்வியை நேரா வைக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல 2023 சீசன்ல மிச்சிகன் பல்கலைக்கழக அணி 15-0, அதாவது 15 வெற்றி, தோல்வியே இல்ல. 2024 ஜனவரி 8 அன்னிக்கு ஹூஸ்டன்ல வாஷிங்டனை 34-13னு அடிச்சு தேசியக் கோப்பை. அடுத்த சீசன் 8-5. "சாம்பியன் ஆன மறு வருஷம் யாரா இருந்தாலும் சறுக்கும், விடுங்க"ன்னு நிறைய பேர் சமாதானம் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

அந்த 2024 அணில இருந்த மூணு பேர் 2025 டிராஃப்ட்ல (என்எஃப்எல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையா எடுக்கற நிகழ்ச்சி) முதல் பதிமூணு இடத்துக்குள்ள போனாங்க. மேசன் கிரஹாம் 5, கோல்ஸ்டன் லவ்லண்ட் 10, கென்னத் கிராண்ட் 13. இவங்களை வச்சுக்கிட்டு ரெகுலர் சீசன்ல அஞ்சு தோல்வி. செப்டம்பர்ல சொந்த மைதானத்துலயே டெக்சாஸ்கிட்ட 31-12. சீசன் கடைசில கோப்பைக்கு நடக்கற பிளேஆஃப் 4 அணிலேர்ந்து 12 அணியா விரிஞ்ச முதல் வருஷம் வேற. பத்து வெற்றி எதிர்பார்த்தது பேராசையா?

கோட்டுக்காவலன்

பேராசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் மிச்சம் இருந்தவர்களை எண்ணுகிறீர்கள், போனவர்களை எண்ணவில்லை.

2024 டிராஃப்ட்டில் மட்டும் மிச்சிகன் வீரர்கள் 13 பேர் போனார்கள். அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி பத்தாவது இடத்தில் போனார். ஹெட் கோச் ஜிம் ஹார்பா என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸுக்குப் போனார். தடுப்பாட்டத்தை (டிஃபென்ஸ்) வகுக்கும் கோஆர்டினேட்டர் ஜெஸ்ஸி மின்டரும், உடற்பயிற்சிப் பொறுப்பில் இருந்த பென் ஹெர்பர்ட்டும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். ஷெரோன் மூர் ஹெட் கோச் ஆனார். ஆனால் அவர்தான் அதுவரை தாக்குதலை (ஒஃபென்ஸ்) வகுக்கும் கோஆர்டினேட்டர், ஒஃபென்சிவ் லைன் கோச்சும் அவரே. ஒருவரைப் பதவி உயர்த்தியதில் இரண்டு நாற்காலிகள் காலியாகின.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு ஒஃபென்சிவ் லைன், அதாவது குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர். இறுதிப் போட்டியில் தொடங்கிய ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. லைனில் ஐந்து நல்ல ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஐந்து பேர் கொண்ட அணி ஆகிவிடாது. ஓட்டத்துக்கான இரட்டைத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் அடுத்தடுத்து நிற்கும் கார்டும் டேக்கிளும் தோளோடு தோள் சேர்ந்து எதிரணியின் டிஃபென்சிவ் டேக்கிளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு ஒருவர் மட்டும் விலகிப் போய் பின்னால் நிற்கும் எதிரணி லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். அரை நொடி முந்தி விலகினால் எதிரணி டேக்கிள் உள்ளே புகுந்துவிடுவான். அரை நொடி பிந்தினால் லைன்பேக்கர் இடைவெளியை அடைத்துவிடுவான். அந்த நேரக்கணக்கை யாரும் வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் நிற்பவனோடு நூற்றுக்கணக்கான முறை சேர்ந்து செய்து செய்துதான் அது வரும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மாறினால் நான்கு பொருத்துகளும் ஒரே நேரத்தில் புதிதாகிவிடுகின்றன.

ஆன்ஆர்பர்_தமிழன்

லைன் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா அதை வச்சே உங்களுக்குப் பதில் சொல்றேன். அதே புது லைன் செப்டம்பர் 21 அன்னிக்கு யுஎஸ்சிக்கு எதிரா என்ன பண்ணுச்சு? பந்தோட ஓடற ரன்னிங்பேக் கேலெல் மல்லிங்ஸ் 159 யார்டு ஓடினாரு. கடைசித் தாக்குதல் தொடர்ல (டிரைவ்) ஒரே ஓட்டம் 63 யார்டு. நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கோல் கோட்டுக்கு ஒரு யார்டு, 37 நொடி மிச்சம், உள்ள புகுந்தாரு. 27-24.

அந்த ஆட்டத்துல குவாட்டர்பேக் அலெக்ஸ் ஓர்ஜி மொத்தம் எறிஞ்சது 32 யார்டு. ஆட்டம் முழுக்கச் சேர்த்து முப்பத்திரண்டு! மெக்கார்த்தி இருந்தப்ப ஒரே பாஸ்ல வந்த தூரம் அது.

லைன் வளரக் காலம் வேணும், ஒத்துக்கறேன். குவாட்டர்பேக் இடத்துல நடந்தது அப்படி இல்ல. டேவிஸ் வாரன் மூணு ஆட்டம் தொடங்கினாரு, ஆர்கன்சா ஸ்டேட்டுக்கு எதிரா மூணு இன்டர்செப்ஷன் (எதிரணி கைல போன பாஸ்), உட்கார வச்சாங்க. அப்புறம் ஓர்ஜி. வாஷிங்டன் ஆட்டத்துல அவரையும் எடுத்துட்டு ஜாக் டட்டில். அப்புறம் திரும்ப வாரன். ஒரே சீசன்ல மூணு பேர் மாறி மாறி. இது இயற்கையான சரிவு இல்லைங்க. சாம்பியன் அணி, வீரர்கள் கல்லூரி மாறற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல ஒரு குவாட்டர்பேக்கைக்கூட எடுக்காம சீசனுக்குப் போச்சு. அதான் என் குற்றச்சாட்டு.

பேட்டன்ரூஜ்_ராஜா

இந்த வழியில ஏற்கெனவே நடந்து அடிபட்டது எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்). அதனால கொஞ்சம் சொல்றேன்.

2019ல 15-0. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ். கிளெம்சனை 42-25னு ஜெயிச்சாங்க. அடுத்த டிராஃப்ட்ல 14 பேர் போயாச்சு, அஞ்சு பேர் முதல் ரவுண்டு. பாஸ் ஆட்டத்தை வடிவமைச்ச ஜோ பிரேடி கரோலினா பேந்தர்ஸுக்கு, டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் டேவ் அராண்டா பேய்லருக்கு ஹெட் கோச்சா. பாஸைப் பிடிக்கற ரிசீவர் ஜமார் சேஸ் 2020 சீசனே ஆடல. முடிவு 5-5.

ஆனா ஆள் போனது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, காலியான இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தாங்கங்கறது. அராண்டாவுக்குப் பதிலா போ பெலினி வந்தாரு. அவரோட முறையே வேற. முதல் ஆட்டம் மிசிசிப்பி ஸ்டேட், அதுக்கு அந்த வருஷம்தான் மைக் லீச் கோச்சா வந்திருந்தாரு. அவங்க ஆடின, குறுக்கால வெட்டி ஓடற ரூட்டுக்கு எதிரா ஆளுக்கு ஆள் காவல் போட்டா என்ன ஆகும்? ரெண்டு ரிசீவர் ஒருத்தரை ஒருத்தர் உரசிக்கிட்டு குறுக்க ஓடுவாங்க, பின்னால துரத்தற காவல்காரன் (கார்னர்) அந்த நெரிசல்ல மாட்டிக்குவான், ஒரு அடி இடைவெளி விழும். பந்து அங்க போய்டும். பெலினி அதை மாத்தவே இல்ல. மிசிசிப்பி ஸ்டேட் குவாட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிஞ்சாரு, எஸ்இசி கான்ஃபரன்ஸோட (அணிகள் சேர்ந்து ஆடற பிரிவு) சாதனை. 44-34 தோல்வி.

மறு வருஷம் 6-7. 2021 அக்டோபர்லயே ஹெட் கோச் எட் ஓர்ஜரானை அனுப்பறதா அறிவிச்சுட்டாங்க. வெளியேற்றத் தொகை சுமார் 1.7 கோடி டாலர். கோப்பை வாங்கி ரெண்டு வருஷம் ஆகல!

அதனால தமிழன் அண்ணே, பத்து வெற்றி கேட்கறதுல தப்பில்ல. வரலன்னா உடனே ஆளை மாத்துன்னு கத்தறதுலதான் எனக்குப் பயம். ஆபர்ன் 2010ல 14-0, 2011ல 8-5, 2012ல 3-9. உண்மையான பள்ளம் கோப்பைக்கு அப்புறம் ரெண்டாவது வருஷம்தான். முதல் வருஷத்துல பழைய ஆட்களோட திறமை ஓட்டையை மூடிக்கிட்டு இருக்கும். ஆபர்ன் ஒஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கஸ் மல்சான் 2011 சீசன் முடிஞ்சு போனப்புறம் அவரோட ஒஃபென்ஸுக்குன்னே சேர்த்த பசங்க வேற மாதிரி ஆட்டத்துல மாட்டிக்கிட்டாங்க.

பக்கை_பாலா

எதிரி முகாமான ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து வரேன், மன்னிச்சுக்குங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் சொல்ற "ஆள் போனா சரிவு"ங்கற கணக்கு ஒஹையோ ஸ்டேட்ல பொய்யாச்சே?

2024 சீசன்ல கோப்பை. அடுத்த டிராஃப்ட்ல 14 பேர் போனாங்க, எல்எஸ்யூ அளவுக்கே. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கு, ஒஃபென்ஸ் கோஆர்டினேட்டர் சிப் கெல்லி ரெய்டர்ஸுக்கு. குவாட்டர்பேக் வில் ஹவர்டும் போயாச்சு. மூணு பெரிய தூணும் இல்ல. 2025 ரெகுலர் சீசன் 12-0. முதல் ஆட்டமே டெக்சாஸ், 14-7. கடைசி ஆட்டம் மிச்சிகனோட ஊரான ஆன்ஆர்பர்ல, 27-9.

காரணம் குவாட்டர்பேக் தயார். ஜூலியன் சேயின் 2024 ஜனவரிலயே அலபாமாலேர்ந்து வந்துட்டாரு. ஒரு முழு வருஷம் ஹவர்டுக்குப் பின்னால உட்கார்ந்து பிளேபுக்கைப் படிச்சாரு. அவருக்கு எறிய ஜெரமையா ஸ்மித் இருந்தாரு, டிஃபென்ஸ்ல பின்வரிசையைப் பிடிக்க கேலப் டௌன்ஸ் இருந்தாரு. ஹெட் கோச் மாறல. புது ஒஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பிரயன் ஹார்ட்லைன் உள்ளேயே வளர்ந்தவரு, சிக்னல், கலைச்சொல் எதுவும் மாறல.

ஜார்ஜியாவையும் பாருங்க. 2021 கோப்பைக்கப்புறம் 15 பேர் டிராஃப்ட்ல போனாங்க, மறு வருஷம் 15-0, இறுதி ஆட்டத்துல டிசியூவை 65-7. குவாட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட்டும் கோஆர்டினேட்டர் டாட் மன்கனும் திரும்பி வந்தாங்க. ஹெட் கோச், குவாட்டர்பேக், ஆட்டம் சொல்றவர். இந்த மூணுல ரெண்டு இடத்துல பழைய ஆளோ, முன்னாலயே தயாரான ஆளோ இருந்தா அதே உயரத்தை எதிர்பார்க்கலாம். மூணும் ஒண்ணா போச்சுன்னா எதிர்பார்ப்பைக் குறைக்கணும். 2024 மிச்சிகன் மூணையும் இழந்துச்சு.

ஆன்ஆர்பர்_தமிழன்

பாலா, உங்க கணக்கே என் வாதத்தைத்தான் தாங்குது. சேயினை நீங்க ஒரு வருஷம் முன்னாலயே எடுத்து வச்சீங்க. மெக்கார்த்தி 2024 டிராஃப்ட்டுக்குப் போவாருன்னு 2023 நடுவுலயே ஊருக்கே தெரியும். பின்னால யாரை வச்சோம்?

அந்தக் குளிர்காலத்துல போர்ட்டல்ல யார் யார் நகர்ந்தாங்க பாருங்க. ரைலி லெனர்ட் நாட்ர்டாமுக்கு. வில் ஹவர்ட் உங்ககிட்ட. டில்லன் கேப்ரியல் ஒரிகனுக்கு. கர்டிஸ் ரூர்க் இந்தியானாவுக்கு. நாலு அணியும் 2024 பிளேஆஃப்ல ஆடுச்சு. அதுல ரூர்க் வந்தது ஏதோ பெரிய இடத்துலேர்ந்து இல்ல, மேக் கான்ஃபரன்ஸ்ல இருந்த ஒஹையோ யுனிவர்சிட்டிலேர்ந்து. நவம்பர்ல அவர்கிட்டதான் நாங்க 20-15னு தோத்தோம்.

கோட்டுக்காவலன்

நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். குளிர்காலப் போர்ட்டல் 2023 டிசம்பர் 4-இல் திறந்து 2024 ஜனவரி 2-இல் மூடியது. மிச்சிகன் ஜனவரி 1 அன்று பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பவுலில் அலபாமாவோடு ஓவர்டைம் ஆடிக்கொண்டிருந்தது. ஜனவரி 8 இறுதிப் போட்டி. ஜனவரி 14 அன்றுதான் மெக்கார்த்தி போவதாக அறிவித்தார். ஜனவரி 24 ஹார்பா. ஜனவரி 26 மூர்.

இப்போது நீங்கள் ஒரு நல்ல குவாட்டர்பேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் உங்களை அழைக்கும் அணியில் மெக்கார்த்தி இருப்பாரா என்று தெரியாது. கோச் இருப்பாரா என்றும் தெரியாது. அங்கே கையெழுத்துப் போடுவீர்களா? நீங்கள் சொன்ன நால்வரும் தொடக்க இடம் உறுதியாகக் காலியாக இருந்த அணிகளுக்குத்தான் போனார்கள். கோப்பைக்காகக் கடைசி நாள் வரை ஆடும் அணி சந்தைக்குக் கடைசியாக வருகிறது. அதற்குள் நல்ல சரக்கு தீர்ந்துவிடுகிறது. வெற்றியே அடுத்த சீசனுக்கு விதிக்கும் அபராதம் இது.

இன்னொன்று. ஹெட் கோச் போனால் அப்போதைய விதிப்படி அந்த அணியின் வீரர்களுக்கு மட்டும் 30 நாள் போர்ட்டல் தனியாகத் திறக்கும். ஆக, மூர் பதவியேற்ற முதல் மாதம் முழுக்க அவர் வெளியே ஆள் தேடியதை விட உள்ளே இருந்தவர்களைப் பிடித்து நிறுத்தியதே அதிகம் இருந்திருக்கும். கிரஹாம், கிராண்ட், லவ்லண்ட் மூவரும் தங்கினார்கள். நீங்கள் முதல் பதிவில் பெருமையாகச் சொன்ன அதே மூவர்தான்.

ஆன்ஆர்பர்_தமிழன்

ஜனவரி விஷயத்துல விட்டுக்கொடுக்கறேன். அந்தத் தேதிகளை வரிசையா வச்சுப் பார்த்தப்ப எனக்கே புரியுது. ஆனா வசந்தகாலப் போர்ட்டல்? ஏப்ரல் 16 முதல் 30 வரை. அப்ப மெக்கார்த்தி போயாச்சு, கோச் யாருன்னு தெரியும், தொடக்க இடம் காலின்னு நாடே பார்த்தாச்சு. அப்பவும் ஒரு குவாட்டர்பேக்கையும் எடுக்கல.

பேட்டன்ரூஜ்_ராஜா

ஏப்ரல்ல கிடைக்கறது பெரும்பாலும் வசந்தப் பயிற்சில தோத்து வெளிய வந்தவங்க. அதோட, வசந்தப் பயிற்சி மொத்தமே 15 அமர்வு. மே மாசம் வர்றவருக்கு அந்தப் பதினஞ்சும் போச்சு. லைனோட சேர்ந்து தடுப்பு முறையை மாத்தச் சொல்றது, ரிசீவரோட நேரம் பொருத்தறது எல்லாம் ஆகஸ்ட் மூணரை வாரத்துல முடிக்கணும். அதுவும் அஞ்சு பேரும் புதுசா இருக்கற லைன் பின்னால.

ஆன்ஆர்பர்_தமிழன்

முழுசா தயாரானவர் வேணும்னு நான் கேட்கல, ராஜா. சுமாரான ஒருத்தர் போதும்னு சொல்றேன். பாஸ் வராதுன்னு தெரிஞ்சுட்டா எதிரணி எட்டாவது ஆளையும் லைனுக்குப் பக்கத்துல இறக்கிடும். அஞ்சு லைன்மேன், ஒரு டைட் எண்ட், ஒரு ஃபுல்பேக். தடுக்க ஏழு பேர், வர்றது எட்டு பேர். ஒருத்தனை யாருமே தொட முடியாது, மல்லிங்ஸ் அவனைத் தனியா உடைக்கணும். ஒவ்வொரு ஓட்டத்துலயும்! ஒரு 15 யார்டு பாஸை நம்பி எறியத் தெரிஞ்சவர் இருந்தாலே அந்த எட்டாவது ஆள் பின்னால போயிருப்பான். கோட்டுக்காவலன் கவலைப்படற புது லைனுக்கும் அது உதவிதானே?

கோட்டுக்காவலன்

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எட்டாவது ஆள் இறங்கினால் நான் சொன்ன இரட்டைத் தடுப்பே போட முடியாது. விலகிப் போக வேண்டியவனுக்கு முன்னாலேயே ஒருவன் நிற்பான்.

ஆனாலும் பத்து வெற்றி என்பதை ஏற்க மாட்டேன். கார்னர் வில் ஜான்சன் அக்டோபரில் காயமடைந்த பிறகு ஆடவே இல்லை. ஒரிகனிடம் 38-17, டெக்சாஸிடம் 31-12. இந்த இரண்டும் குவாட்டர்பேக் மாறினால் மாறும் ஆட்டங்கள் அல்ல.

பக்கை_பாலா

நவம்பர் 30 கொலம்பஸ்ல எங்களோட நடந்த ஆட்டத்தையும் சேர்த்து எண்ணுங்க. அன்னிக்கு மிச்சிகன் மொத்தம் எறிஞ்சது 62 யார்டுதான். மல்லிங்ஸ் ஒரு 27 யார்டு ஓட்டம், உதைக்கற ஸ்வாடா 21 யார்டு ஃபீல்டு கோல், 45 நொடி மிச்சம், 13-10. லவ்லண்டும் இல்ல, ஜான்சனும் இல்ல. பின்னால கோப்பையைத் தூக்கின எங்க அணியைப் பத்துப் புள்ளில நிறுத்தின டிஃபென்ஸ் அது. அப்படி ஒரு டிஃபென்ஸ் இருக்கும்போது எதிர்பார்ப்பைக் குறைங்கன்னு சொல்றதும் நியாயமா படல எனக்கு. ஆட்டம் ஆட்டமா பிரிச்சுச் சொல்லுங்க, எது கைக்கு எட்டினது?

ஆன்ஆர்பர்_தமிழன்

டெக்சாஸ், ஒரிகன் ரெண்டையும் விட்டுடறேன். இல்லினாய் 21-7, வாஷிங்டன் 27-17, இந்தியானா 20-15. இந்த மூணுலயும் டிஃபென்ஸ் ஆட்டத்தைக் கைல வச்சிருந்துச்சு, ஒஃபென்ஸ் எடுத்த புள்ளிதான் 7, 17, 15. மூணுல ரெண்டு ஜெயிச்சிருந்தா ரெகுலர் சீசன் 9-3. பத்துலேர்ந்து ஒன்பதுக்கு இறங்கறேன், அதுக்குக் கீழ இறங்க மாட்டேன். ஏப்ரலோட அந்தப் பதினஞ்சு நாளைப் பத்தி மட்டும் யாரும் எனக்கு இன்னும் பதில் சொல்லல.